ஒரு குருமனையின் மூன்று இரவுகள்

நாட்டிலே எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை அறிய விரும்பும் அரசாங்கம் வீடுதோறும் ஆளனுப்பி விசாரிப்பது இன்று எவர்க்கும் வியப்பளிப்பதன்று. இலங்கையில் முதலாவது பொதுக் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் திகதி நடைபெற்றது. பிரித்தானியாவில் இவ்வழக்கம் அதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே, 1801இல், தொடங்கிவிட்டது. ஆயினும் அங்கு முதலில் எடுக்கப்பெற்ற நான்கு மதிப்புகளும் தலைகளை எண்ணுமாறு பணித்தனவேயன்றிப் பெயர்களைக் கேட்கவில்லை. இன்ன ஊரில் ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்பதோடு அரசாங்கம் அமைதியடைந்தது.

விக்டோரியா அரசி பட்டத்துக்கு வந்த நான்காம் ஆண்டில் இம்முறை மாறியது. 1841ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, எவரெவர் எவ்வெவ்வீட்டில் துயின்றனரோ அவரவர் பெயரெல்லாம் அவ்வவ்வீட்டுத் தாளில் எழுதப்படல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 35,000 கணக்கெடுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்கள் முன்னரே வீடுகளுக்குச் சென்று தாள்களைக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்பவும் சென்று அவற்றைச் சேர்த்தனர். எழுதத் தெரியாதோர் வீடுகளில் தாமே கேட்டு நிரப்பினர். பின்னர் அவற்றைப் புத்தகங்களிற் படியெடுத்தனர். வீட்டார் நிரப்பிய தாள்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. நமக்கு எஞ்சியிருப்பவை, மங்கிய பென்சில் எழுத்திலமைந்த அந்தப் படிப் புத்தகங்களே. ஒரு நாடு முழுவதும் ஒரே இரவில் அகப்பட்டுக்கொண்ட வலை என்று அவற்றைச் சொல்லலாம். வலையில் அகப்பட்டது எது, கண் வழியே நழுவியது எது என்பதைக் காண ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொள்வது போதும்.

அவ்வீடு வட இங்கிலாந்தில், யோர்க்சயர் மாகாணத்தில், ஹாவர்த் என்னும் மலைக் கிராமத்தில் உள்ளது. செங்குத்தான ஒரு தெருவின் உச்சியிலே ஆலயம். ஆலயத்தை அடுத்துச் சேமக்காலை. சேமக்காலையை நோக்கியவாறு கல்லாற் கட்டிய இருமாடிக் குருமனை. அதன் பின்னே மரமற்ற, காற்று ஓயாத புதர்வெளி. கம்பளி நெய்தும் நூற்றும் பிழைத்த ஊர் அது. 1820ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் பற்றிக் புரொண்டே என்னும் குருவானவர் தம் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் அங்கே குடியேறினார். அயர்லாந்தில் ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்து, தம் முயற்சியாற் கற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை சென்றவர் அவர். அவர் புதல்வியர் மூவரின் நாவல்கள் இன்று உலகமெங்கும் படிக்கப்படுகின்றன. ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட்டும், ‘வதரிங் ஹைட்ஸ்’ எழுதிய எமிலியும், ‘அக்னஸ் கிரே’ எழுதிய ஆனும் வளர்ந்த வீடு அதுவே.

தாய், தந்தை, மக்கள் அறுவர் ஆகிய எண்மரும் ஒருங்கே உயிரோடிருந்தபொழுது நடந்த குடிசன மதிப்பு ஒன்றே ஒன்றுதான். அது 1821ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி நடந்தது. தாய் மரியா அப்பொழுது கொடிய நோயாற் படுக்கையிற் கிடந்தார். மூத்த பிள்ளைக்கு வயது ஏழு. இளையவளுக்கு ஒன்றரை நிறையவில்லை. பெயர் கேளாத காலமாதலால் அக்குடும்பம் ஆண் இருவர், பெண் அறுவர் என்ற எண்களாக ஊர்த்தொகையிற் கலந்து மறைந்தது. செப்தெம்பர் மாதத்தில் தாய் இறந்தார். 1825ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் மூத்த பெண்கள் மரியாவும் எலிசபெத்தும் கசநோயால் அடுத்தடுத்து மாண்டனர். ஆகவே, அரசாங்கம் பெயர்களைக் கேட்க முன்வந்தபொழுது, எண்மரில் மூவரின் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை.

1841ஆம் ஆண்டு யூன் மாத இரவுக்கு வருவோம். குருமனையில் அன்று நால்வர் இருந்தனர். ஒருவர் குருவானவர். மற்றொருவர், இறந்த மனைவியின் தமக்கையான எலிசபெத் பிரான்வெல். தங்கையின் பிள்ளைகளைப் பார்ப்பதற்காகத் தென்கோடியிலுள்ள இதமான கோர்ண்வால் நாட்டைவிட்டு இக்குளிர்மலைக்கு வந்து, திரும்பிப் போகாமலே தங்கிவிட்ட பெரியம்மா அவர். மூன்றாமவர் எமிலி. நான்காமவள் மார்த்தா பிரௌண் என்னும் சிறுமி. ஆலயத்தின் கல்லறைப் பணியாளருடைய மகள். முதிய வேலைக்காரி தபித்தா காலூனமுற்றுச் சிலகாலம் விலகியிருந்தமையால் அவளிடத்துக்கு வந்தவள்.

அந்த மதிப்பின் விதிகள் சற்றே விநோதமானவை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுத வேண்டும். அவ்விதிப்படி இருபத்திரண்டு வயதுடைய எமிலிக்கு வயது இருபது. அறுபத்துநான்கு வயதுடைய தந்தையாருக்கு அறுபது. அரசாங்கமே வயதைக் குறைத்துக்கொள்ளச் சொன்ன காலம் அது ஒன்றுதான் போலும். பிறந்த ஊர் யாதெனக் கேட்கவில்லை. இம்மாகாணத்திற் பிறந்தவரா, அன்றா என்றே கேட்டனர். அயர்லாந்திற் பிறந்தோர்க்கு ஓரெழுத்துப் போதும். குடும்பத் தலைவருக்கு ஏனையோர் என்ன உறவு என்பதையும் அந்த ஆண்டிற் கேட்கவில்லை. எனவே பெரியம்மா யார், எமிலி யார் என்பது அத்தாளைப் படிப்பவர் ஊகிக்கவேண்டிய செய்தி. பெற்றோருடன் வாழ்ந்து, சம்பளமின்றி அவர்க்கு உதவும் பெண்மக்களின் தொழிலைக் குறிக்கவேண்டியதில்லை என்பதும் ஒரு விதி. எமிலியோ பல ஆண்டுகளாகவே கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அது தமையனுக்கும் தமக்கைக்குமே முழுவதும் தெரியாதிருக்கையிற் கணக்கெடுப்பாளருக்கு எங்ஙனம் தெரியும்?

மற்றை மூவரும் அன்றிரவு வேறு வேறு கூரைகளின் கீழ்த் துயின்றனர். சார்லட் றோடன் என்ற ஊரில் ஒரு வணிகர் வீட்டில் வீட்டாசிரியை. ஆண்டுச் சம்பளம் இருபது பவுண். அதிலும் சலவைச் செலவு கழிக்கப்பட்டது. ஆன் யோர்க் நகருக்கு அப்பால் தோர்ப் கிறீன் என்னும் வளமனையில் அதே தொழில் செய்தார். ஒரே தமையனான பிரான்வெல், ஓவியனாகும் எண்ணத்தைக் கைவிட்டு, புதிதாக இடப்பட்ட புகையிரதப் பாதையிலே லடண்டன் பூட் நிலையத்தில் எழுதுவினைஞராயிருந்தார். துயின்ற இடத்திலே எண்ணுவது என்ற விதி அரசாங்கத்துக்கு வசதியானது. ஆனால் அது குடும்பத்தை எண்ணுவதன்று, கூரையை எண்ணுவது.

இங்கே ஓர் அருமையான தற்செயல் குறுக்கிடுகின்றது. அந்த இரவுக்கு ஏழெட்டு வாரங்களின் பின்னர், யூலை 30ஆம் திகதி, தமது பிறந்தநாளன்று எமிலி ஒரு சிறு தாளை எடுத்துத் தம் குடும்பத்தைத் தாமே கணக்கெடுத்தார். அவரும் ஆனும் நான்காண்டுக்கு ஒருமுறை இத்தகைய தாள்களை எழுதி, மடித்து வைத்து, பின்னர் எடுத்துப் பார்க்கும் வழக்கமுடையவர்கள். யார் யார் எங்கே இருக்கின்றனர், அந்த நேரத்தில் என்ன செய்கின்றனர் என்பதே அத்தாளின் பொருள். தந்தைக்குச் சஞ்சிகை படித்துக் காட்டிவிட்டுப் பெரியம்மா மேல்மாடியிலே இருக்கின்றார். சார்லட் இன்ன வீட்டில், பிரான்வெல் இன்ன நிலையத்தில், ஆன் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில். அதனோடு நில்லாமல், கீப்பர் என்ற நாய் சமையலறையில், நீரோ என்ற வல்லூறு கூட்டில் என்பனவும் அதிற் பதிவாகியுள்ளன. விக்டோரியா, அடிலெயிட் என அரசியர் இருவரின் பெயரைத் தாங்கிய வாத்துகள் விறகுக் கொட்டிலில் ஒதுங்கியிருப்பதையும் எமிலி விடவில்லை. எந்த அரசியின் ஆட்சியில் அந்நாட்டு மக்களெல்லாம் எண்ணப்பட்டனரோ அவ்வரசியின் பெயர் தாங்கிய வாத்தும் எண்ணப்பட்ட கணக்கு இது. அதே நாளில் ஆனும் ஸ்கார்பரோவிலிருந்து தம் தாளை எழுதினார். நான்காண்டுகளில் ஒவ்வொருவரும் எந்த வேலையை விட்டு எந்த வேலைக்குச் சென்றனர் என்பதையும், தபித்தா சென்று மார்த்தா வந்ததையும் அதிற் காணலாம். அரசாங்கத்தின் தாளில் நால்வர்; சகோதரியர் தாள்களிலோ எவரும் விடுபடவில்லை. சிதறியிருந்தோரை ஒரே வீட்டாராக எண்ணிய கணக்கு இவ்விரண்டில் எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மதிப்பு 1851இல். இடைப்பட்ட பத்தாண்டுகளிலேதான் புரொண்டே குடும்பத்தின் சரித்திரமெல்லாம் நடந்தேறியது. 1842ஆம் ஆண்டு ஒக்டோபரில் பெரியம்மா இறந்தார். அவர் சிக்கனமாகச் சேர்த்து வைத்த பணம் பெறாமகள்மாருக்கு வந்தது. வீட்டாசிரியை வேலையையும் வெளிநாட்டுப் படிப்பையும் விட்டு ஒருவர்பின் ஒருவராகத் திரும்பிய பிள்ளைகள் 1845ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நால்வரும் மீண்டும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்தனர். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் எமிலியின் கவிதைகள் தற்செயலாகச் சார்லட்டின் கையில் அகப்பட்டன. 1846இல் மூவரின் கவிதைகளும் ஒரு நூலாக, ஆண் பெண் பேதந் தெரியாத புனைபெயர்களோடு, சொந்தச் செலவிலே, பெரியம்மாவின் பணத்தால், வெளிவந்தன. முதலாண்டில் விற்றவை இரண்டே பிரதிகள். அதற்கு அஞ்சாது நாவல்களை எழுதினர். 1847ஆம் ஆண்டு ஒக்டோபரில் ‘ஜேன் அயர்’ வெளிவந்தது. டிசெம்பரில் ‘வதரிங் ஹைட்ஸ்’, ‘அக்னஸ் கிரே’ ஆகிய இரண்டும் வெளிவந்தன.

இரவு ஒன்பது மணிக்குத் தந்தையார் படியேறிச் செல்கையில் நடுப்படியிலுள்ள மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துவிட்டுத் துயிலப் போவார். அதன்பின் மூவரும் எழுதுவதை நிறுத்தி, உணவறை மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே அன்றெழுதியதை ஒருவர்க்கொருவர் சொல்லி ஆராய்வர். உலக இலக்கியத்திற் பெயர்பெற்ற அந்த இரவுகள் ஒன்றிலேனும் எந்தக் கணக்கெடுப்பாளரும் அவ்வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பத்தாண்டுக்கொருமுறை வீசப்படும் வலையிலிருந்து அவை அடியோடு தப்பிவிட்டன.

தொடர்ந்தது நோய். 1848ஆம் ஆண்டு செப்தெம்பர் 24ஆம் திகதி பிரான்வெல் இறந்தார், வயது 31. டிசெம்பர் 19ஆம் திகதி எமிலி, வயது 30. 1849ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி, தாம் நேசித்த ஸ்கார்பரோக் கடற்கரையில், ஆன்; வயது 29. எட்டு மாதத்தில் மூன்று சாவுகள். இவர்களுள் பிரான்வெல், ஆன் ஆகிய இருவரும் பெயர் கேட்கும் குடிசன மதிப்பு ஒன்றிலும் ஹாவர்த் குருமனை வாசிகளாகப் பதிவு பெறாமலே மறைந்தனர்.

இவ்விடத்தில், எண்களை வெறும் எண்களென்று இகழ்வது தகாது என்பதையும் கூறவேண்டும். அவற்றின் பயனை அக்குருவானவரைக் காட்டிலும் நன்றாய் உணர்ந்தார் ஊரில் எவருமில்லை. தம் மக்களையும் ஊரார் மக்களையும் ஓயாது அடக்கம் செய்துகொண்டிருந்த அவர், 1849இல் இலண்டனிலுள்ள பொதுச் சுகாதார சபைக்கு விண்ணப்பம் அனுப்பி, ஹாவர்த்தின் தண்ணீரையும் வடிகால்களையும் சோதிக்க ஓர் அதிகாரியை வேண்டினார். கணிக்கும் பொறியைச் சிந்தித்தவரான சார்ல்ஸ் பாபேஜின் மகன் பெஞ்சமின் ஹேர்ஷல் பாபேஜ் அப்பணிக்காக 1850இல் வந்தார். அவர் எழுதிய அறிக்கை இன்றும் படிப்போரை நடுக்கவல்லது. ஹாவர்த்தில் இறந்தோரின் சராசரி வயது 25.8. நூற்றுக்கு நாற்பத்தொருவர் ஆறு வயதை எட்டாமலே மாண்டனர். பத்தாண்டில் அச்சிறு சேமக்காலையில் 1,344 பேர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். கழிவுநீர் தெருவோரமாக ஓடியது. ஓரிடத்தில் இருபத்துநான்கு வீட்டாருக்கு ஒரே மலசலகூடம். இந்த எண்களை முன்வைத்துப் பார்க்கையில் ஒன்று புலனாகும். நாம் இளமையில் மடிந்தனர் என்று இரங்கும் புரொண்டே மக்கள் மூவரும் அவ்வூர்ச் சராசரியைத் தாண்டி வாழ்ந்தவர்களே. இரங்குவதானால் அச்சேமக்காலையில் உறங்கும் பெயரறியாக் குழந்தைகளுக்கும் சேர்த்தே இரங்கல் வேண்டும். செலவுக்கஞ்சிய நிலச்சொந்தக்காரர் சிலரின் எதிர்ப்பினால் வேலை இழுபட்டது. ஊருக்கு நீர்த்தேக்கம் வந்தது 1858இலே.

1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் திகதி, மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இம்முறை வினாக்கள் கூர்மையாயிருந்தன. வயதைக் குறைக்காமல் எழுதவேண்டும். பிறந்த ஊரையும், தலைவருக்குள்ள உறவையும் குறிப்பிடவேண்டும். குருமனையில் மீண்டும் நால்வரே. பற்றிக் புரொண்டே, மனைவியை இழந்தவர், வயது 74. சார்லட், மகள், மணமாகாதவர், வயது 34. திரும்பி வந்துவிட்ட முதியவள் தபித்தா. இளம்பெண்ணாக வளர்ந்துவிட்ட மார்த்தா. தந்தைக்குக் குருத்தொழில், பணிப்பெண்கள் இருவர்க்கும் வீட்டுவேலை. சார்லட்டுக்கோ தொழிலென்று ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை! ‘ஜேன் அயர்’ வெளியாகி மூன்றரை ஆண்டுகள் சென்றுவிட்டன. ‘ஷேர்லி’ என்ற அடுத்த நாவலும் வந்துவிட்டது. வீட்டாசிரியையாய் இருபது பவுணுக்கு உழைத்தவருக்கு நாவல் ஒன்றுக்கு ஐந்நூறு பவுண் வரை கிடைத்திருந்தது. அவருடைய புனைபெயரும் அப்பொழுது இரகசியமன்று. சகோதரியர் நூல்களின் புதிய பதிப்பொன்றுக்கு 1850ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் எழுதிய முன்னுரையே உண்மையை உலகுக்கு அறிவித்துவிட்டது. வீட்டிலிருந்தோ வெளியிலோ, வீட்டுவேலையன்றி வேறு தொழிலை ஒழுங்காகச் செய்யும் பெண்களின் தொழிலைத் தெளிவாகக் குறிக்கவேண்டுமென்று அந்த ஆண்டின் அறிவுறுத்தலும் கூறுகின்றது. அவ்வாறிருந்தும் அந்தப் பத்தியில் நாவலாசிரியை இடம்பெறவில்லை.

இதனைத் தந்தையின் அலட்சியம் என்றோ அக்காலத்தின் குருட்டுத்தனம் என்றோ விரைந்து தீர்ப்புக் கூறுவோர் உளர். விடயம் அத்துணை எளிதன்று. அக்குருமனையில் எழுத்து ஒருபோதும் தொழிலென்று பேசப்பட்டதில்லை. நாவல் அச்சாகி, மதிப்புரைகளும் வந்தபின்னரே சார்லட் அதைத் தந்தையிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதற்குமுன் ஒருநாள் கறர் பெல் என்பவர் எங்கே வசிக்கின்றார் என்று தபாற்காரர் கேட்டபோது, அப்பெயருடையார் எவரும் இப்பங்கில் இல்லை என்று குருவானவர் விடை கூறினாராம். தம் மகளின் புனைபெயர் அது என்பதை அவர் அறியார். தொழில் என்ற பத்திக்குரிய விடையைத் தந்தையே சொல்லியிருக்கலாம். சார்லட்டே சொல்லியிருத்தலுங் கூடும். மகள் எனப்படும் நிலையைவிட வேறொரு பெயரைத் தம் வீட்டுக்குள் வேண்டாதவர் அவர். அடுத்த மே மாதத்தில் அவர் இலண்டனுக்குச் சென்று, பளிங்கு மாளிகையில் நடந்த பெருங்கண்காட்சியைக் கண்டு, எழுத்தாளர் தாக்கரேயின் சொற்பொழிவுகளைக் கேட்டார். தலைநகரிலே சபையோர் திரும்பித் திரும்பிப் பார்த்த பெண்மணி, வீடு திரும்பியதும் தந்தையின் தேநீரையும் தபித்தாவின் சமையலையும் கவனிக்கும் மகளே.

அவர் 1854ஆம் ஆண்டு யூன் 29ஆம் திகதி தந்தையின் உதவிக் குருவானவரான ஆதர் பெல் நிக்கல்ஸை மணந்தார். ஒன்பதே மாதம். தபித்தா பெப்ரவரியில் இறக்க, சார்லட் 1855ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி காலமானார். அந்தக் குடிசன மதிப்பு இரவிலிருந்து நான்காண்டும் ஒருநாளும் சென்றிருந்தன.

மூன்றாவது இரவு 1861ஆம் ஆண்டு ஏப்ரில் 7ஆம் திகதி. எண்பத்துநான்கு வயதான பற்றிக் புரொண்டே குடும்பத் தலைவர். அவரோடு நிக்கல்ஸ், வயது 42. மாமனாரைக் கடைசிவரை பார்ப்பேன் என்று மனைவிக்குக் கொடுத்த வாக்கை ஆறாண்டுகளாக அவர் காத்துவந்தார். அயர்லாந்திற் பிறந்த இரு ஆண்கள், ஒருவர் நடமாட இயலாத முதியவர், யோர்க்சயர் மலைவீடொன்றில் தனித்திருக்கின்றனர். தலைவருக்கு என்ன உறவு என்று கேட்கும் பத்திக்கு நிக்கல்ஸ் தரக்கூடிய விடை மருமகன் என்பதே. அவ்வீட்டில் ஆறு குழந்தைகள் வளர்ந்தனர் என்பதற்கு அந்தத் தாள் தாங்கக்கூடிய ஒரே சான்று அந்த ஒரு சொல்லிலேதான் மறைந்திருக்கின்றது. மகள் இல்லாமல் மருமகன் ஏது?

இரண்டு மாதங் கழித்து, யூன் 7ஆம் திகதி, குருவானவர் இறந்தார். ஆலயப் பொறுப்பாளர்கள் நிக்கல்ஸை அவரிடத்துக்கு நியமிக்கவில்லை. ஒக்டோபரில் வீட்டுச் சாமான்கள் ஏலத்திற் போயின. நிக்கல்ஸ் எமிலி, ஆன் ஆகியோரின் மடித்த தாள்களையும் ஏனைய கையெழுத்துகளையும் எடுத்துக்கொண்டு அயர்லாந்துக்குத் திரும்பினார். 1906 வரை வாழ்ந்தார்.

மூன்று இரவுகளிலும் அவ்வீட்டில் இருந்தவர் குருவானவரையன்றி ஒருவரே. அவர் மார்த்தா பிரௌண். பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியாக எமிலியோடு முதற் கணக்கில் நின்றவர், முப்பது கடந்தவராக வெறுமையான வீட்டில் மூன்றாவது கணக்கிலும் நின்றார். மூன்று முறையும் தயக்கமின்றித் தொழில் சொல்லக்கூடியவரும் அவரே. தம் நினைவுக்கு எட்டியவரை மூன்று சகோதரியரும் இரவில் மேசையைச் சுற்றி நடந்ததையும், எமிலி இறந்தபின் இருவர் நடந்ததையும், பின்னர் சார்லட் தனியே சுற்றிச் சுற்றி நடக்கும் காலடியோசையைக் கேட்டுத் தம் நெஞ்சு நொந்ததையும் வந்தோர்க்குச் சொன்னவரும் மார்த்தாவே. அது எலிசபெத் காஸ்கெல் அம்மையாரின் செவிக்கு எட்டி, அவர் 1857இல் வெளியிட்ட சார்லட்டின் சரித்திரத்தில் இடம்பெற்றது.

முதிய குருவானவர் தம் மரணசாசனத்திலே மார்த்தாவுக்கு முப்பது பவுண் எழுதிவைத்தார். தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் உண்மையாய் ஊழியஞ் செய்தமைக்கு அன்பின் அடையாளம் என்று காரணமும் எழுதினார். அதனை எழுதியபொழுது அவர் பிள்ளைகளில் ஒருவரும் உயிரோடிருக்கவில்லை.